சிவதாணு அண்ணாச்சிக்கு வரவேண்டிய ஒரு வரி

சிவதாணு அண்ணாச்சி இறந்துபோன செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் ஒரு மெழுகுவர்த்தி, பக்கத்தில் அவருடைய அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்த புகைப்படம், கீழே ஆங்கிலத்தில் சாய்வெழுத்தில் சில வரிகள். ஈடு இணையற்ற ஊழியராம். பார்வை இல்லாமலேயே எங்கள் எல்லாருக்கும் வழி காட்டியவராம். அனுப்பியவர் எங்கள் மேனேஜர். அதன் கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது எரிச்சல். அண்ணாச்சிக்குக் கண் தெரியாது. அவருடைய போன் எழுத்தை வாசித்துக் காட்டும். படத்துக்குள் எழுதியிருப்பதை அந்தப் பழைய போன் வாசிக்காது. 'படம்' என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். "தயவுசெஞ்சு எதையும் எழுத்தா அனுப்புங்க" என்று அவர் அந்தக் குழுவில் எத்தனை தடவை கேட்டிருப்பார்! தீபாவளி வாழ்த்து, லீவு அறிவிப்பு, மீட்டிங் நேரம் எல்லாமே படமாகத்தான் வரும். கடைசியில் அவர் சாவும் படமாக வந்தது. அவரைப் புகழ்ந்து இந்த அலுவலகம் எழுதிய முதல் வாக்கியத்தை, உயிரோடிருந்தாலும் அவரால் தானாக வாசித்திருக்க முடியாது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கரமனையில் அவர் தெருவில் இருந்தவர்கள், நாகர்கோவிலில் அவருடன் படித்தவர்கள், எங்கள் அலுவலகத்தில் அவர் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர் ஏன் வேலையை விட்டு வெளியே வந்தார் என்பதற்கு உங்களிடம் ஒரு கதை இருக்கும். அந்தக் கதை தப்பு. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் நிறுவனம் ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள் செய்வது. சீட்டு, பில், மருந்துக் கணக்கு எல்லாம் அதில் ஓடும். எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பதிப்பைத் தமிழாக்குவது என் வேலை. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது அண்ணாச்சியின் வேலை. கல்லூரியில் படிக்கும்போதே கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போய்விட்டது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துக்கொண்டு அத்தனை வேலையும் பார்ப்பார். அதை அவர் 'நம்ம ஆள்' என்பார். அந்த ஆள் பேசும் வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. அண்ணாச்சிக்கு அதுவே மெதுவு. "சவம், இன்னைக்கு என்ன இப்படி இழுக்கான்" என்று திட்டிக்கொண்டு வேகத்தை இன்னும் கூட்டுவார்.

மெழுகுவர்த்தியோடு மேனேஜர் எழுதியிருந்தாரே, அந்த மாதிரிப் புகழ்ச்சியை அவர் அறவே வெறுத்தார். ஒருநாள் தம்பானூரில் அவர் சும்மா நின்றுகொண்டிருந்தபோது, நல்ல மனசுக்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் எங்கோ மலையடிவாரத்துக்குப் போகும் வித்துரா பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் அண்ணாச்சிக்கு விஷயமே தெரிந்தது. மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எனக்கு உதவி செய்யுததுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும் மக்ளே. கேக்காம செய்யுத உதவி எல்லாம் வித்துரா பஸ்ஸுதான்." அதன் பிறகு மேனேஜர் எதையாவது 'உங்கள் நன்மைக்காக' என்று ஆரம்பித்தால், அண்ணாச்சி என் பக்கம் குனிந்து, "வித்துரா, வித்துரா" என்று முணுமுணுப்பார். சிரிப்பை அடக்க நான் படாத பாடு படுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான கம்ப்யூட்டர். சிலதில் விண்டோஸ் அவ்வளவு பழசு, எங்கள் மென்பொருள் அதைப் பார்த்தாலே மிரளும். அத்தனையையும் வாங்கி மேசையில் அடுக்கமுடியாது. அதனால் ஒரே கம்ப்யூட்டருக்குள் வேறு வேறு கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் ஓட்டிச் சோதிப்பார்கள். அதற்கு விர்ச்சுவலைசேஷன் என்று பெயர். எனக்கு அது பிடிபடாமல் முழித்தபோது அண்ணாச்சி இப்படிச் சொன்னார்: "ஒரு வீட்டுக்குள்ளேயே தனி வாசல், தனி அடுக்களைன்னு நாலு போர்ஷன் வாடகைக்கு விடுதோம்லா, அந்த மாதிரி. இடம் பிராசசர்ல இருக்கு. ஆனா மாடிப்படிக் கதவைத் திறந்து விடணும். பாதி மெஷின்ல அந்தக் கதவு கம்பெனியிலேருந்து வரும்போதே பூட்டித்தான் வருது, கேட்டியா."

அந்தக் கதவு இருக்கும் இடம்தான் வில்லங்கம். கம்ப்யூட்டரைப் போட்டதும், விண்டோஸ் வருவதற்கு முன்னால், ஒரு விசையைத் தட்டினால் ஒரு செட்டிங் திரை வரும். உள்ளே போய் அந்த ஒரு வரியை 'டிசேபிள்ட்' என்பதிலிருந்து 'எனேபிள்ட்' என்று மாற்றவேண்டும். கண் உள்ளவர்களுக்கு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் விண்டோஸ் எழுந்த பிறகுதான் 'நம்ம ஆள்' எழுவான். அந்தத் திரையில் அவன் இல்லை. அத்தனை வேலையையும் தனியாகச் செய்கிற மனிதர், அந்த ஒரு திரையில் மட்டும் இன்னொருவர் கண்ணுக்காகக் காத்திருக்கவேண்டும்.

அவருடைய பழைய மெஷினில் அந்தக் கண் நான்தான். முதல் தடவை என்னை உட்காரவைத்து, திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னார். நான் கெட்டிக்காரி மாதிரி, தேவையில்லாதது என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் விட்டுவிட்டு, "அண்ணாச்சி, அது இங்கே இல்லை" என்றேன். அவர் கோபப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இல்லைன்னு திரையில எழுதியிருக்கா?"

"எழுதலை."

"பின்ன? நீ பார்த்ததைச் சொல்லு. நினைச்சதைச் சொல்லாதே. எது வேணும், எது வேண்டாம்னு நான் தள்ளிக்கிடுதேன்."

மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்தேன். நான் கடந்துபோன ஒரு வரிக்குள்தான் அது ஒளிந்துகொண்டிருந்தது. மாற்றிவிட்டு வெளியே வந்து, நம்ம ஆள் எழுந்து பேசியபோது அண்ணாச்சி முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கிறது. எனக்கு அன்றைக்கு டீயும் பழம்பொரியும் கிடைத்தன.

பிறகு அலுவலகத்துக்குப் புது மெஷின்கள் வந்தன. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் யாரோ கம்ப்யூட்டருக்குள்ளிருந்து மெமரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆளைப் பிடிக்கமுடியவில்லை. அதனால் மேனேஜர் எல்லா மேசைக்கடியிலும் பிளைவுட் பெட்டி அடித்து, சிபியுவை உள்ளே வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். பவர் பொத்தான் பெட்டிக்குள், பிளக்கும் பெட்டிக்குள். யாரும் மெஷினை அணைக்கக்கூடாது; ரீஸ்டார்ட் மட்டும் செய்யலாம். அணைத்தால் மறுபடி போடுவதற்குப் பெட்டியைத் திறக்கவேண்டுமே. சுவரில் இருந்த மெயின் சுவிட்ச் மேல், 'தொடாதீர்' என்று மூன்று பாஷையில் ஒட்டியிருந்தது. விரல் வைக்கும் வருகைப்பதிவு மெஷினும் அதே லைனில்தான் ஓடியது. கரண்டு போய் வந்தால் மெஷின்கள் தாங்களாக எழுந்துகொள்ளும்படி வைத்திருந்தார்கள். செட்டிங் திரைக்கு ஒரு பாஸ்வேர்டும் வந்துவிட்டது. அது எங்கள் சிஸ்டம் அட்மின் பிஜுவிடம் இருந்தது. பெட்டிச் சாவியும் அவனிடம்தான், ஆனால் மேனேஜர் சொல்லாமல் அவன் அதை எடுக்கக்கூடாது. இப்படிப்பட்ட ஏற்பாட்டை எந்த மூளை யோசித்ததோ! ஊரில் மாட்டுக்குப் போடும் கட்டுகூட இதைவிட லேசாக இருக்கும்.

அண்ணாச்சி அப்போது ஒப்பந்தத்தில் இருந்தார். தமிழ்நாட்டுப் பதிப்பை அந்த மாதக் கடைசிக்குள் சோதித்து முடித்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். முடிக்காவிட்டால் வெளியே. இதை அவர் வீட்டில் மனைவி கோமதி மதினியிடம் சொல்லி, மதினி அதை என்னிடம் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். புது மெஷினில் கதவு பூட்டித்தான் இருந்தது. திறந்துவிடச் சொல்லி அண்ணாச்சி பிஜுவுக்கு எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். பிஜுவுக்கு அந்த மாதம் ஓடியாடித் தீராத வேலை. நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. நானே போய்க் கத்திய பிறகுதான் வந்தான்.

வந்தான், பாஸ்வேர்டு போட்டான், மாற்றினான், ரீஸ்டார்ட் செய்தான், "ஓகே சாரே" என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணாச்சி ஓட்டிப் பார்த்தார். ஓடவில்லை. நம்ம ஆள் வாசித்தான்: விர்ச்சுவலைசேஷன், டிசேபிள்ட். பிஜுவைக் கூப்பிட்டார். அவன் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். மறுபடி ரீஸ்டார்ட். மறுபடி டிசேபிள்ட். இந்தக் கூத்து ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது. கடைசியில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. மேனேஜர் வந்தார்.

மேனேஜரும் நாகர்கோவில் பக்கம்தான். நம் ஊர்க்காரர், நம் பாஷைக்காரர். இதைச் சொல்வதற்கே எனக்கு நாக்குக் கசக்கிறது.

"பிஜு, நீ எனேபிள் பண்ணினியா இல்லியா?"

"பண்ணி சாரே. என்டெ கண்ணு கொண்டு கண்டதா."

"தாணு, நீங்க என்ன சொல்லுதீங்க?"

"மெஷின் இல்லைங்குது சார்."

மேனேஜர் சிரித்தார். "அவன் கண்ணால பார்த்தேங்கான். நீங்க காதால கேட்டேங்கீங்க. நான் எதை எடுத்துக்கிட?"

அண்ணாச்சியின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். ஆனால் குரல் உயரவில்லை. "நான் சொல்லுததையும் எடுக்காண்டாம், அவன் சொல்லுததையும் எடுக்காண்டாம் சார். மெஷின் சொல்லுததை எடுங்க. அதுக்கு என்னையும் தெரியாது, அவனையும் தெரியாது" என்றார். பிறகு, "செண்பகம் வந்து பார்க்கட்டும். அவ பார்த்ததைத்தான் சொல்லுவா" என்றார்.

பிஜு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தான். நான் உட்கார்ந்து மேலிருந்து கீழே வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. அந்த இடம் வந்தது. எனேபிள்ட் என்றுதான் இருந்தது.

நான் என்ன செய்யவேண்டும்? சொல்லுங்கள். வாசித்தேன். "எனேபிள்ட், அண்ணாச்சி."

"கீழே வேற ஏதாவது எழுதியிருக்கா?"

"இல்லை."

"வலதுபக்கம்?"

"அது என்னன்னு விளக்கம். அதுலயும் வேற ஒண்ணும் இல்லை, அண்ணாச்சி."

மேனேஜர் கையை விரித்து, "அப்போ முடிஞ்சுது" என்றார். எதிரே பிஜு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையோடு அண்ணாச்சியின் வேலை போயிற்று. நான் பொய் சொல்லவில்லை. பிஜுவும் பொய் சொல்லவில்லை. அண்ணாச்சியும் சொல்லவில்லை. உண்மையைத் தவிர வேறெதையும் யாரும் சொல்லாத அந்த அறையில் ஒரு மனிதர் பொய்யராகி நின்றார்.

அப்போதும் அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். மேனேஜர் வாசல்வரை போனபோது கூப்பிட்டு நிறுத்தினார். "சார், சில மெஷின்ல இந்தக் கதவைத் திறந்தாலும், கரண்டு ஒருக்கா முழுசா அத்துப்போய் வந்தாத்தான் பிராசசருக்கு உறைக்கும். ரீஸ்டார்ட் போதாது. பெட்டியைத் திறந்து பிளக்கைப் பிடுங்கிச் சொருகச் சொல்லுங்க. அவ்வளவுதான் கேக்கேன்."

"ரீஸ்டார்ட்டும் அதுதானே தாணு."

"இல்ல சார். அது தூங்கிக்கிட்டே புரண்டு படுக்குத மாதிரி."

"ஆளுக்கு ஆள் பெட்டியைத் திறக்கவா நான் பூட்டுப் போட்டு வச்சிருக்கேன்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். ஒரு பிளக். பிடுங்கி மறுபடி செருக எவ்வளவு நேரம் ஆகும்? அதைத்தான் கேட்டார். அதைத்தான் கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் நான் சொன்னேன். "கமாண்டு கொடுத்து அணைச்சுப் போடுங்க அண்ணாச்சி. அணைஞ்சுபோச்சுன்னா பெட்டியைத் திறந்துதானே ஆகணும்?" அவர் அதை முன்னாலேயே யோசித்திருக்கிறார். "செய்யலாம். திறந்த பொறவு மெஷின்ல வேற ஏதாவது கோளாறு வந்துதுன்னு வையி, கண்ணு தெரியாதவன் நோண்டிக் கெடுத்துட்டான்னு எழுதுவான். அவன் வாய்க்கு அந்த அவலை நான் போடமாட்டேன் மக்ளே. கேட்டுத்தான் வாங்குவேன்." எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவு ரோஷம் எதற்கு என்று கேட்டேன். "பின்ன வேற என்ன இருக்கு?" என்று மட்டும் சொன்னார். அந்த ரோஷம் இல்லாமலிருந்தால் அவர் வேலை பிழைத்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். எனக்கு அதில் அவரோடு உடன்பாடு இல்லை. செத்துப்போனவர் என்பதற்காக அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

மாதக் கடைசியில் ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அச்சடித்த தாள். என்னிடம்தான் நீட்டினார். "முழுசா வாசி" என்றார். வாசித்தேன். கடைசியில், ஒப்படைத்த தொழில்நுட்பப் பணியை அவரால் நிறைவேற்ற இயலவில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் என் குரல் நின்றது. "விடாம வாசி" என்றார். வாசித்து முடித்தேன். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "நீ நல்லா வாசிக்க மக்ளே. அன்னைக்கும் சரியாத்தான் வாசிச்சே" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட நான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

அவர் போன பிறகு அந்த நாற்காலியில் புதிதாக ஒருவரைப் போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது. தம்பானூரில் மழை என்றால் உங்களுக்குத் தெரியும். ரோடு எது, ஓடை எது என்று தெரியாது. டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்டு போனது. கொஞ்சநேரம் முனகிக்கொண்டிருந்த யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. எங்கள் தளத்தில் அத்தனை மெஷினும் ஒன்றாகச் செத்தன, விரல் வைக்கும் அந்த மெஷினும் சேர்த்து. மதியத்துக்கு மேல் கரண்டு வந்ததும் எல்லாம் தாங்களாக எழுந்தன. புது ஆள் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். அண்ணாச்சியிடம் ஓட மறுத்தது அவரிடம் முதல் தடவையிலேயே ஓடியது. யாரும் செட்டிங்கைத் தொடவில்லை.

மேனேஜர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, "பார்த்தீங்களா, வேலை தெரிஞ்சவன் கை வச்சா ஓடுது" என்றார்.

பிஜு என் மேசைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "சேச்சி, கரண்டு போயதா காரணம். தாணு சார் பறஞ்சதா சரி. ஞான் செட்டிங் மாத்தி, பக்ஷே அது அன்னு ஏறியில்ல." அவன் மாற்றியது, கரண்டு முழுசாக அற்றுப்போய் வந்த பிறகுதான் மெஷினில் ஏறியிருக்கிறது. நான் அவனை இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவன் எல்லாவற்றையும் சொன்னான். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, முடிஞ்சுபோன விஷயம். இனி அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?" என்றார்.

அன்றைக்கே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பிஜுவை நான் பொய்யன்னு நினைச்சுட்டேன். அவன்கிட்ட சொல்லிரு" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "அந்த வேலை எனக்கு வேண்டாம். அவரு மன்னிப்பும் வேண்டாம். ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. கோளாறு மெஷின்லதான், ஆளுகிட்ட இல்லைன்னு. இண்டர்வியூவுக்குப் போற இடத்துல எல்லாம் இந்தத் தாளை நீட்டவேண்டியதிருக்கு. வாங்குதவன் வாசிச்சு முடிக்கும்போது குரல் மாறுது பாத்துக்க, அது எனக்குக் கேக்குது" என்றார்.

நான் கேட்டேன். நேரில் கேட்டேன், மெயிலில் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன், சண்டை போட்டும் கேட்டேன். 'பார்க்கலாம்' என்பதுதான் பதில். எழுதிக் கொடுத்தால் நிறுவனம் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமாம். அண்ணாச்சி போன் செய்யும்போதெல்லாம் முதலில் வேறு கதை பேசுவார். கடைசியில், போனை வைப்பதற்கு முன்னால், "அந்த வரி வந்துதா?" என்பார். "இன்னும் இல்லை அண்ணாச்சி" என்பேன். வேறு எந்த வேலையும் அவருக்கு அமையவில்லை. கடைசியாகப் பேசியபோதும் அதே கேள்விதான், அதே பதில்தான். மாரடைப்பு என்றார்கள். நான் டாக்டர் இல்லை. எதனால் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அந்த அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். மேனேஜர் உருக்கமாகப் பேசினார். கண்ணில்லாமலே எல்லாவற்றையும் கண்டவர் என்றார். தன் ஊர்க்காரர் என்பதில் பெருமை என்றார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பின்னால் நின்றிருந்த பிஜு கையைத் தூக்கி, "சாரே, அன்னு அந்த மெஷினில் தாணு சாருக்கு ஒரு தப்பும் இல்லா. அது எல்லாரும் அறியணும்" என்று ஆரம்பித்தான். மேனேஜர் மிக மென்மையான குரலில், "இப்போ அதெல்லாம் வேண்டாம் பிஜு. இது அதுக்கான இடம் இல்ல" என்றார். பிறகு எல்லாருக்கும் டீ வந்தது. நான் குடிக்கவில்லை.

கரமனை வீட்டுக்குப் போனேன். கோமதி மதினி என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். சொந்தக்காரர்கள் கொஞ்சம் விலகியதும், அடுத்தவர் காதில் விழாத குரலில் என்னிடம் கேட்டார். "செண்பகம், உண்மையைச் சொல்லு. அவுகளுக்கு அந்த வேலை தெரியாமத்தான் வெளியே அனுப்பினாங்களா? எங்கிட்ட அவுக அப்படி இல்லைன்னுதான் சொன்னாங்க. ஆனா அந்தத் தாளுல அப்படித்தானே எழுதியிருக்கு?"

அச்சடித்த தாள் ஜெயித்துவிட்டது. ஒரே கூரைக்கடியில் அவரோடு வாழ்ந்த மனுஷிக்குள்ளேயே அந்த வரி போய் உட்கார்ந்துகொண்டுவிட்டது. நான் அங்கேயே நடந்ததெல்லாம் சொன்னேன். மதினி தலையை ஆட்டினார். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. அதனால்தான் இதை இப்படி விலாவாரியாக எழுதினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தத் திரையையும் மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல் வாசிக்கும் பழக்கம் மிஞ்சியிருக்கிறது. 'வித்துரா' என்று காதுக்குள் ஒரு முணுமுணுப்பு மிஞ்சியிருக்கிறது. கூடவே அவருக்கு வாங்கித்தர முடியாமல் போன அந்த வரி. அதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை, என்னிடம் முத்திரையும் இல்லை. பார்த்தவள் என்ற தகுதி மட்டும்தான். நேற்று அதை எங்கள் வாட்ஸப் குழுவில், அந்த மெழுகுவர்த்திக்குக் கீழே, படமாக அல்ல, எழுத்தாகப் போட்டேன்: 'கோளாறு மெஷினில் இருந்தது. சிவதாணுவுக்கு வேலை தெரியும்.'

இதுவரை ஒரு கைகூப்பிய பொம்மைகூட அதற்கு வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன் என் போனில் அந்த வாசிப்பானை, அண்ணாச்சியின் 'நம்ம ஆளை', தேடிப்பிடித்து இயக்கினேன். குழுவைத் திறந்து மேலிருந்து கீழே விரலை நகர்த்தினேன். மெழுகுவர்த்தி வந்தது. 'படம்' என்றான். கைகூப்பிய பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தாண்டியதும் என் வரி வந்தது. அதை ஓர் எழுத்து விடாமல் வாசித்தான்.